அழைப்போரும் ஐயுறுவோரும்

இலக்கியம் கொள்கை பரப்பலாமா, கூடாதா என்னும் வாதம் நம் எழுத்தாளர் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தலைகாட்டாமல் போவதில்லை. கலை கலைக்காகவே என்று ஒருவர் தொடங்குவார். கலை மக்களுக்காகவே என்று மற்றொருவர் மறுப்பார். தேநீரோடும் வடையோடும் கூட்டம் இனிதே கலையும். இவ்விரு சாராரும் கேட்கத் தவறும் வினா ஒன்று உண்டு. ஒரு கொள்கையை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவனுக்கு அதனை மீண்டும் எடுத்துரைப்பது எளிது. அதனை நம்பாதவனை, நம்பாததோடு நில்லாமல் கேலி செய்பவனை, ஓர் எழுத்தாளன் எங்ஙனம் அணுகுகிறான்? அவன் வாயை அடைக்க விரும்புகிறானா, மனத்தைத் திறக்க விரும்புகிறானா? சமதர்மக் கொள்கையைப் பொறுத்தவரை இவ்வினா மிகவும் கூர்மையானது. யாருடைய நன்மைக்காகத் தான் பிறந்ததாக அக்கொள்கை சொல்கிறதோ, அவர்களே அதனை ஐயத்தோடு நோக்கிய வரலாறு நெடியது.

இவ்வினாவை மனத்திற்கொண்டு அண்மையில் நான் மீண்டும் படித்த நூல், ராபர்ட் டிரெஸல் எழுதிய ஆங்கில நாவலாகும். அதன் பெயரைத் தமிழில் ‘கந்தல் காற்சட்டை வள்ளல்கள்’ எனலாம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் அறிந்த நமக்கு, ‘வள்ளல்’ என்னும் சொல்லில் ஒளிந்திருக்கும் எள்ளல் எளிதில் விளங்கும். பாரி ஒரு தேரைத்தான் கொடுத்தான். இந்நாவலில் வரும் சாயமடிப்போரும் தச்சரும் தம் உழைப்பின் பெரும்பகுதியை, தம் பிள்ளைகளின் பாலையும் தம் முதுமைக்கான கூரையையும் சேர்த்து, முதலாளிக்குத் தானமாக வழங்குகிறார்கள். வழங்கியதை அறியாமலே கந்தலோடு வீடு திரும்புகிறார்கள். அறிவுறுத்துகின்றவனைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கிறார்கள்.

ஆசிரியரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் இயற்பெயரென உலகம் அறிந்தது ராபர்ட் நூனன். 1870-இல் டப்ளினில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் சில காலம் வாழ்ந்தபின் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் வீடுகளுக்குச் சாயமடித்தும் பெயர்ப்பலகை எழுதியும் பிழைத்தவர். சாயமடிப்போர் பலகை வைக்கப் பயன்படுத்தும் முக்காலியின் ஆங்கிலப் பெயரையே சற்றுத் திரித்துப் புனைபெயராக்கிக்கொண்டார். பகலெல்லாம் சுவரில் தூரிகை பிடித்த கையால் இரவில் எழுதி, ஏறத்தாழ 1,600 பக்கம் கொண்ட கையெழுத்துப் படியை 1910-இல் முடித்தார். மூன்று பதிப்பகத்தார் மறுத்துவிட்டனர். கனடாவுக்குப் புறப்படும் எண்ணத்தோடு லிவர்பூல் சென்றவர், காசநோயால் அங்கேயே 1911 பிப்ரவரியில் இறந்தார். வேறு பன்னிரு ஏழையரோடு ஒரே குழியில் புதைக்கப்பட்டார். மகள் கேத்லீன் அப்படியை வெறும் 25 பவுனுக்கு விற்க, 1914-இல் வெட்டிச் சுருக்கிய வடிவில் நூல் வெளிவந்தது. சுருக்கியவர் ஜெஸ்ஸி போப் என்னும் அம்மையார். முதல் உலகப் போர் மூண்டபோது இளைஞரைப் படையில் சேரும்படி தூண்டும் செய்யுள்களை எழுதியவரும் இவரே என்பதைக் கருதினால், கையெழுத்துப் படிகளின் தலையெழுத்தை என்னென்பது!

நாவலின் களம் மக்ஸ்பரோ என்னும் கற்பனை நகரம். தமிழில் ஏமாளியூர் என்று பெயர் வைக்கலாம். நகரத் தந்தையின் மாளிகை ஒன்றைச் செப்பனிடும் வேலையில் ரஷ்டன் என்பவரின் நிறுவனம் ஈடுபட்டிருக்கிறது. உணவு வேளையில் தொழிலாளர் வாளிகளின் மீதும் பலகைகளின் மீதும் அமர்ந்து தேநீர் குடிக்கிறார்கள். அவர்களுள் ஒருவன் பிராங்க் ஓவன், சமதர்மவாதி, கைத்திறன் மிக்க கலைஞன், நுரையீரல் நோயாளி. வறுமைக்குக் காரணம் என்ன என்று அவன் நாள்தோறும் வாதிடுகிறான். வறுமைக்குக் காரணம் அந்நிய நாட்டுப் பொருள்கள் என்கிறான் ஒருவன். இயந்திரம் என்கிறான் இன்னொருவன். குடி, சோம்பல், மக்கட்பெருக்கம் என்று பட்டியல் நீள்கிறது. ஓவன் ஒவ்வொன்றையும் தகர்க்கிறான். மேலாளின் இடத்தில் இருக்கும் கிராஸ் என்பவன் செய்தித்தாளிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, ஓவனை மடக்குவதற்கேற்ற நேரத்துக்காகக் காத்திருக்கிறான். இச்சிறு செய்தி ஒன்று போதும், டிரெஸல் தன் மனிதரை எவ்வளவு உற்றுக் கவனித்தவர் என்பதற்கு. வாதத்தில் நம்பிக்கை இல்லாதவனும் வாதத்தில் தோற்க விரும்புவதில்லை. தன்னிடம் இல்லாத ஆயுதத்தைப் பத்திரிகையிலிருந்து கடன் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறான்.

இந்நாவலில் உலகப்புகழ் பெற்ற கட்டம், ‘மாபெரும் பணத் தந்திரம்’ என்னும் அத்தியாயம். ஓவன் உணவில் மிஞ்சிய ரொட்டித் துண்டுகளைச் சேகரிக்கிறான். இவை இயற்கை தந்த மூலப்பொருள் என்கிறான். மூன்று பேனாக்கத்திகளை இரவல் வாங்கி, இவை இயந்திரங்கள் என்கிறான். மூன்று அரைப்பென்னி நாணயங்கள் மூன்று பவுன்கள். தான் முதலாளி, ஹார்லோவும் ஈஸ்டனும் பில்பாட்டும் தொழிலாளிகள். ரொட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டவேண்டும். ஒரு வார வேலைக்குக் கூலி ஒரு பவுன். வார முடிவில் ஒவ்வொருவனும் மூன்று சதுரங்கள் வெட்டிக் கொடுத்துக் கூலியைப் பெறுகிறான். ஆனால் உயிர் வாழ அச்சதுரம் தேவை. அதன் விலை ஒரு பவுன். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துத் தான் வெட்டிய பொருளில் ஒன்றை வாங்கித் தின்கிறான். இப்படியே சில வாரங்கள் கழிகின்றன. முதலாளியின் முன்னே சதுரங்கள் குவிகின்றன. மூன்று பவுன்களும் அவனிடமே இருக்கின்றன. தொழிலாளிகளிடம் தொடக்கத்தில் இருந்ததே இருக்கிறது: ஒன்றுமில்லை. சரக்கு மிகுந்துவிட்டது என்று முதலாளி திடீரெனப் பட்டறையை மூடுகிறான். தன்னைப்போல் சிக்கனமாக இருந்திருக்க வேண்டாமா என்று அறிவுரை கூறுகிறான். வேலையற்றவர் மூவரும் அவனைத் திட்டுகிறார்கள். பறித்துக்கொள்வோம் என்று மிரட்டுகிறார்கள். போலீசாரை அழைப்பேன் என்கிறான் அவன். சுற்றியிருப்போர் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

பொருளாதாரத்தைக் கற்பிக்க ஒரு பெரும் நூல் பல நூறு பக்கங்களில் முயல்வதை, ஒரு சாயமடிப்போன் ரொட்டித் துண்டைக் கொண்டு கால் மணி நேரத்தில் செய்து காட்டிவிட்டான் என்று திறனாய்வாளர் வியப்பதுண்டு. வியப்பு நியாயமே. ஆயினும் அவர்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க விரும்புகிறேன். அந்தக் கால் மணி நேரத்திற்குப் பின் நிகழ்ந்தது யாது? உணவு வேளை முடிகிறது. எல்லாரும் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். மறுநாள் அவர்களில் எவனும் சமதர்மவாதி ஆகிவிடவில்லை. தேர்தல் வரும்போது அதே தொழிலாளர் தத்தம் முதலாளிகளின் கட்சி வண்ணங்களை அணிந்துகொண்டு தெருவில் ஒருவரோடொருவர் மோதிக்கொள்கிறார்கள்.

இதற்கு ஓவன் கண்ட விடை, அவர்கள் மூடர் என்பதே. மூடர் மட்டுமல்லர், தம் பிள்ளைகளுக்கே பகைவர் என்று அவன் உள்ளத்துள் குமுறுகிறான். கதைசொல்லியும் பல இடங்களில் அவன் பக்கம் சாய்ந்து அதே சினத்தை வாசகனிடம் கொட்டுகிறார். ஓவனின் விடையை நான் ஏற்கவில்லை. அதைவிட முக்கியமாக, நாவலும் முழுமையாக ஏற்கவில்லை என்பது என் துணிபு. நாவலாசிரியனின் கண், நாவலாசிரியனின் கருத்தைக் காட்டிலும் நேர்மையானதாக அமைந்துவிட்ட நூல் இது.

முதியவர் லிண்டனின் கதையைப் பாருங்கள். அவர் அந்நியரால்தான் வேலை போகிறது என்று அடித்துப் பேசுபவர். மகனை ஏகாதிபத்தியப் போரில் பறிகொடுத்தும் ஏகாதிபத்தியத்தைப் போற்றுபவர். ஓவனின் பேச்சு அவரிடம் எடுபடவில்லை. ஒரு நாள் வேலை நேரத்தில் புகைபிடித்தார் என்பதற்காக மேற்பார்வையாளன் ஹண்டர் அவரை அந்த நொடியே வெளியேற்றுகிறான். உண்மைக் காரணம் அவர் கூலியைவிடக் குறைந்த கூலிக்கு வேறொருவன் வாசலில் நிற்பது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓவனும் திறக்கவில்லை! ஊரெல்லாம் விடுதலை பேசும் ஓவன் அந்தக் கணத்தில் மற்றவரைப் போலவே சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறான்; செய்ததற்காகப் பின்னர் தன்னையே வெறுக்கிறான். ஐயுறுவோரின் ஐயம் எங்கே பிறக்கிறது என்பதை இந்த ஒரு காட்சி நமக்குச் சொல்லிவிடுகிறது. அது அறியாமையிற் பிறந்ததன்று. அஞ்சத்தக்கதை அறிந்திருப்பதிற் பிறந்தது. இந்தச் சனிக்கிழமைக் கூலி இல்லையேல் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். சமதர்மம் வந்தபின் என்ன ஆகும் என்பது ஓவனுக்கு மட்டுமே தெரியும்.

இதைப் படித்தபோது என் சிறுவயதுக் காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவில் திடலில் ஒரு தொழிற்சங்கப் பேச்சாளர் வந்து பேசினார். மிக நன்றாகப் பேசினார். அடுக்குமொழியும் இருந்தது, கணக்கும் இருந்தது. என் தந்தையார் கடைசி வரை அமர்ந்து கேட்டார். லயத்துக்குத் திரும்பும் வழியில், “அவர் சொன்னது சரிதானேப்பா?” என்று கேட்டேன். “சரிதான்யா. ஆனா அவரு மோட்டார் சைக்கிள்ல போயிருவாரு. நமக்கு விடிஞ்சா பெரட்டு இருக்குல்ல” என்றார். அன்று அதைக் கோழைத்தனம் என்று எண்ணி வருந்தினேன். 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டதையும், அந்த ஆண்டுகளில் தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்ததையும் பின்னாளில் படித்தறிந்தபோதுதான், தந்தையார் ‘பெரட்டு’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வரலாற்றை அடக்கியிருந்தார் என்று விளங்கியது. அவர் பேச்சாளரின் கணக்கை மறுக்கவில்லை. கணக்கில் விட்டுப்போன ஓர் இனத்தைச் சுட்டிக்காட்டினார், அவ்வளவே.

டிரெஸலுக்கு முன்னரே ஐயுறுவோனை நோக்கி எழுதிப் பெருவெற்றி கண்டவர் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு. அவருடைய ‘மெர்ரி இங்கிலாந்து’ 1894-இல் ஒரு பென்னி விலையில் வெளிவந்து பல இலட்சம் படிகள் விற்றது. நூல் முழுதும் ஓல்டாம் நகரத்து ஜான் ஸ்மித் என்னும் கற்பனைத் தொழிலாளிக்கு எழுதிய கடிதமாக அமைந்தது. ஜான் ஸ்மித் நடைமுறை அறிவுள்ளவன், வெற்று ஆரவாரத்துக்கு மயங்காதவன் என்ற மதிப்போடுதான் நூலே தொடங்குகிறது. நீ எனக்கு நிகரானவன், உன் ஐயம் நியாயமானது, வா பேசுவோம் என்னும் தொனி. இந்தத் தொனியே ஓவனிடம் இல்லாதது. பிளாட்ச்ஃபோர்டு பின்னாளில் தென்னாப்பிரிக்கப் போரையும் 1914-ஆம் ஆண்டுப் போரையும் ஆதரித்துத் தம் தோழர் பலரை நோகச் செய்தார் என்பது வேறு கதை. தொனி நல்லதாயிருந்தால் கொள்கை நிலைத்து நிற்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

ஜார்ஜ் ஆர்வெல் இதே நோயை மறுபுறமிருந்து ஆராய்ந்தார். 1936-இல் வடஇங்கிலாந்தின் சுரங்க ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய ‘விகன் பையருக்குச் செல்லும் பாதை’ 1937-இல் வெளிவந்தது. முதற்பகுதி சுரங்கத் தொழிலாளரின் வாழ்வு. இரண்டாம் பகுதி, இத்தனை துயரம் இருந்தும் மக்கள் ஏன் சமதர்மத்தை நாடவில்லை என்னும் ஆராய்ச்சி. மக்கள் வெறுப்பது சமதர்மத்தையன்று, சமதர்மவாதிகளையே என்பது அவர் கண்ட முடிபின் சாரம். கலைச்சொற்களை உதிர்ப்போர், ஏழையை நேசிக்காமல் ஒழுங்கை மட்டும் நேசிப்போர், தம்மைத் தவிர மற்றவரெல்லாம் பிற்போக்காளர் என்போர் ஆகியோரை அவர் கடுமையாகச் சாடினார். மரக்கறி உண்போரையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். நம்மில் சிலர் அப்பக்கத்தைப் புன்னகையோடு கடந்து செல்ல வேண்டியிருக்கும். நூலை வெளியிட்ட இடதுசாரி நூற்கழகத்தின் விக்டர் கோலான்ஸ் இப்பகுதியைக் கண்டு கலங்கி, அதனை மறுக்கும் முன்னுரை ஒன்றைத் தாமே எழுதிச் சேர்த்துத்தான் வெளியிட்டார். ஆர்வெலின் கூற்றில் மிகை உண்டு. சில இடங்களில் வெறும் எரிச்சலும் உண்டு. எனினும் அவர் கேட்ட கேள்வி அக்கட்சிக்குள்ளிருந்தே எழுந்தது என்பதால் அதனைப் பகைவனின் ஏச்சு என்று தள்ளிவிட முடியாது.

இனி, டிரெஸலின் நாவல் ஓவனைவிட நன்றாக வாதிடும் இடங்களுக்கு வருவோம். ‘நிதி நிபுணர்கள்’ என்று எள்ளலாகத் தலைப்பிட்ட அத்தியாயத்தில் சொற்பொழிவே கிடையாது. ஈஸ்டனும் அவன் இளம் மனைவி ரூத்தும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தம் கடன்களைக் கூட்டுகிறார்கள். வீட்டு வாடகை, தவணைக்கு எடுத்த மேசை நாற்காலி, மளிகை, இறைச்சி, பால். வரவை எப்படிப் புரட்டிப் போட்டாலும் செலவு மிஞ்சுகிறது. ஒவ்வொருவரும் மற்றவர்தாம் காசை வீணாக்குவதாக உள்ளூர நினைக்கிறார்கள். முடிவில் ஓர் அறையை வாடகைக்கு விடத் தீர்மானிக்கிறார்கள். அத்தீர்மானமே அக்குடும்பத்தைப் பின்னர் குலைக்கிறது. மாதக் கடைசியில் பற்றுப் புத்தகத்தைப் பார்த்துக் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடு எதுவாயினும் அவ்வீட்டார்க்கு இந்த அத்தியாயம் புரியும். முதலாளித்துவத்தை ஆதரிப்பவனும் இதைப் படித்து இது பொய் என்று சொல்லமாட்டான். ஐயுறுவோன் தன் கண்ணாலேயே பார்க்குமாறு விட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கும் இடம் இது.

இன்னொன்று, மாளிகையின் ஓர் அறையை மூரிய பாணியில் அலங்கரிக்கும் பணி ஓவனுக்குக் கிடைக்கும் கட்டம். கூலி உயரவில்லை, இலாபம் முழுதும் ரஷ்டனுக்கு. ஆயினும் ஓவன் இரவெல்லாம் விழித்து வடிவங்கள் வரைகிறான். பசியையும் நோயையும் மறந்து மகிழ்கிறான். நல்ல பணி மனிதனுக்கு என்ன செய்யும் என்பதை இங்கே ஒருவனின் மகிழ்ச்சி உணர்த்துகிறது. சோம்பேறிகளை என்ன செய்வாய் என்று சமதர்மவாதியை மடக்கும் பழைய கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எந்தப் பிரசார நூலிலும் கண்டதில்லை. மனிதன் உழைக்க வெறுப்பவனல்லன். தன்னை அழிக்கும் உழைப்பையே வெறுக்கிறான்.

மூன்றாவது, சிறுவன் பெர்ட்டின் கதை. பயிற்சியாளனாகச் சேர்ந்த அவனைக் கடுங்குளிரில் நெருப்பில்லாத கொட்டகையில் சாய வாளிகளைச் சுரண்டும் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். ஓவன் அதைக் கண்டு நேரே முதலாளியின் அறைக்குள் நுழைந்து, சிறுவனை இப்படி நடத்தினால் வழக்குத் தொடரச் செய்வேன் என்று கொதிக்கிறான். லிண்டன் விரட்டப்பட்டபோது சுவரைப் பார்த்தவனா இவன் என்று நாம் வியக்கிறோம். ரஷ்டன் அஞ்சிவிடுகிறான்; கொட்டகைக்கு நெருப்பு வருகிறது. நாவல் முழுதும் ஓவன் ஈட்டும் வெற்றி இது ஒன்றே என்று சொன்னால் மிகையாகாது. இதற்கு ரொட்டித் துண்டு தேவைப்படவில்லை. எதிர்காலச் சமுதாயத்தின் வரைபடமும் தேவைப்படவில்லை. பெர்ட்டின் தாய் மகனின் கைகள் வெதுவெதுப்பாயிருப்பதை உணர்ந்த பிறகு, ஓவன் எந்தக் கொள்கைக்காரன் என்று விசாரித்திருந்தால், அந்தக் கொள்கையைப் பற்றி அவள் மனம் என்ன எண்ணியிருக்கும்!

நமக்கு நன்கு அறிமுகமான கார்க்கியின் ‘தாய்’ நாவலிலும் இவ்வுண்மை வேறு வடிவில் உள்ளது. தொ. மு. சி. ரகுநாதனின் தமிழாக்கத்தில் அதனைப் படித்து வளர்ந்தவர் நம்மிடையே பலர். சதுப்பு நிலத்தை வற்றவைக்கத் தொழிலாளர் கூலியிலிருந்து காசு பிடிப்பதை எதிர்த்துப் பாவெல் ஆற்றும் உரை தோற்றுப்போகிறது, கூட்டம் கலைகிறது, அவன் மனம் சோர்கிறான். மாறுவது அவன் தாய். அவளும் வாதத்தால் மாறவில்லை. மகன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, தன்னை மரியாதையோடு விளிக்கிறான், அவன் தோழர்கள் தன் வீட்டில் ஒருவரையொருவர் அன்போடு நடத்துகிறார்கள் என்பனவற்றைக் கண்டு, அவர்கள் சொல்வதையும் கேட்டுப் பார்க்கலாமே என்று செவி சாய்க்கிறாள். அச்சம் அவளை விட்டு நீங்க நாவலில் எத்தனை பக்கங்கள் ஆகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கார்க்கி அவசரப்படவில்லை.

நம் தோட்டப்புறச் சிறுகதைகளில் ஒரு வகை அவசரப்பட்டே பழகிவிட்டது. முதற்பக்கத்தில் கிராணியிடம் அடிபணிந்து நிற்கும் பால்மரத் தொழிலாளி, நாலாம் பக்கத்தில் ஒரு படித்த இளைஞனின் சொற்பொழிவைக் கேட்டவுடன் கண்கள் சிவக்க நிமிர்ந்து நிற்கிறான். அவன் மனைவி கேட்கக்கூடிய கேள்வி, பெரட்டு, பற்றுச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் செலவு இவையெல்லாம் மூன்றாம் பக்கத்திற்கும் நாலாம் பக்கத்திற்கும் இடையே காணாமற் போய்விடுகின்றன. இக்கதைகளின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. நானும் ஒரு காலத்தில் அத்தகைய கதைகளை எழுதியவன்தான். அவற்றைப் படித்துத் தலையசைத்தவர்கள் ஏற்கெனவே நம்மோடு இருந்தவர்களே என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

டிரெஸலின் நாவலிலும் இப்பிழை உண்டு. முதலாளிகளுக்கு ‘வியர்வை பிழிவான்’, ‘பட்டினி போடுவான்’ என்னும் பொருள்பட அவர் சூட்டிய பெயர்கள் தெருக்கூத்துக்குப் பொருந்தும்; நாவலுக்குப் பொருந்தவில்லை. ‘மாபெரும் சொற்பொழிவு’ என்னும் நீண்ட அத்தியாயம் இன்னும் பலவீனமானது. அங்கே பாரிங்டன் என்பவர், தொழிலாளர் வாழ்வை அறியும் பொருட்டுத் தம் செல்வ நிலையை மறைத்துக் கூலியாளாக வந்தவர், எதிர்காலக் கூட்டுறவு அரசின் அமைப்பை விளக்குகிறார். அழுக்கு வேலையை யார் செய்வது, உழைக்க மறுப்போரை என்ன செய்வது என்று கேட்கிறார்கள், அவர் விடையளிக்கிறார். விடைகள் தடையின்றி வருகின்றன. ஏனெனில் கேள்விகள் விடைக்கேற்ப அமைக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் அரசே உரிமையாளன், அரசே வேலை கொடுப்போன், அரசே கடைக்காரன் என்றால், ஹண்டரைப் போன்ற மேற்பார்வையாளன் அரசின் மேற்பார்வையாளனாகி வந்து நின்றால் லிண்டன் எந்த வாசலுக்குப் போவார்? இதனை அக்கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. 1911-இல் இறந்த டிரெஸலை அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. 1917-க்குப் பிறகும், 1956-இல் ஹங்கேரியில் டாங்கிகள் நுழைந்த பிறகும், 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் பேச வருகின்ற ஒருவர் இக்கேள்வியைக் கேளாதவர்போல் நடித்தால், அவரை நம்ப எவருக்கும் கடமையில்லை. இன்றைய ஐயுறுவோனின் பையில் இருப்பது கிராஸின் செய்தித்தாள் துணுக்கு அன்று, வரலாறு.

எனினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்நாவல் 1940-இல் மலிவுப் பதிப்பாக வெளிவந்து, போர்க்காலத்தில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரிட்டனின் தொழிற்கட்சி பெற்ற பெருவெற்றிக்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. அவ்வரசில் சுகாதார அமைச்சராயிருந்த அனைரின் பெவன் சிறுவயதில் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் பிறந்த வேல்ஸ் நாட்டின் டிரெடிகரில், தொழிலாளர் தம் கூலியிலிருந்து பென்னிகளைச் சேர்த்து மருத்துவரை அமர்த்திக்கொண்ட சங்கம் ஒன்று இருந்தது. அதன் மாதிரியை மனத்திற்கொண்டே 1948 ஜூலை 5-ஆம் நாள் நாடு முழுமைக்கும் கட்டணமில்லா மருத்துவப் பணியைத் தொடங்கினார். பெர்ட்டின் கொட்டகைக்கு வந்த நெருப்பு நாடு தழுவி வந்ததைப் போன்றது அது. சமதர்மம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்போரும் தம் பிள்ளையை அந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன் பின்னர் ஆட்சிக்கு வந்த பழைமைக் கட்சியினரும் அதனை ஒழிக்கத் துணியவில்லை. சொல்லை ஏற்காதவர்கள் பொருளை ஏற்றுக்கொண்டார்கள். டிரெடிகர் சங்கத்தைப் பற்றி ஓவனிடம் யாராவது சொல்லியிருந்தால், அவன் ரொட்டித் துண்டுகளை மட்டும் நம்பியிருக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அழைப்போரின் மனம் எப்போது முறிகிறது என்பதையும் டிரெஸல் எழுதாமல் விடவில்லை. நாவலின் நடுவே சமதர்மவாதிகள் சைக்கிளிலும், பிறகு ஒரு வண்டியிலும் மக்ஸ்பரோவுக்கு வந்து பிரசுரம் கொடுத்துப் பேச முயல்கிறார்கள். ஊரார் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். பல மாதங்கள் கழித்துத் தேர்தல் நேரத்தில், லிபரல் கட்சியின் கூலிப் பேச்சாளனாக ஒருவன் வருகிறான். அவன் நெற்றியில் ஒரு தழும்பு. அன்று கல்லடி பட்டவன் அவனே. பாரிங்டன் அவனை அடையாளம் கண்டு வினவ, அவன் தயங்காமல் பேசுகிறான்: இந்த மக்களுக்காக உடலையும் காசையும் செலவழித்தேன், இவர்கள் தம் பகைவரைத் தொழுது நண்பரைக் கல்லால் அடிப்பவர்கள், இனி எனக்கு யார் கூலி தந்தாலும் அவர்களுக்காகப் பேசுவேன் என்பது அவன் வாக்குமூலம். அந்தப் பக்கங்கள் சுடுகின்றன. அவன் பேசுவது ஓவன் நெடுநாளாக உள்ளத்துள் பேசிவந்ததன் தொடர்ச்சியே. கேட்போர் மூடர் என்று தொடங்கியவனின் பாதை அங்கேதான் சென்று சேர்கிறது. பாரிங்டனிடம் அவனுக்குத் தக்க விடை இல்லை. அவர் மிகவும் மனமுடைந்து போகிறார்.

1918-இல் வெளியான, இன்னும் சுருங்கிய பதிப்பு, ஓவன் நோயும் வறுமையும் நெருக்க, மனைவி மகனோடு உயிர் துறப்பதே நலமோ என்று எண்ணும் இருண்ட கட்டத்தோடு முடிந்தது. பல்லாண்டுகள் வாசகர் படித்த நாவல் அதுதான். ஃபிரெட் பால் என்பவர் தேடியெடுத்த கையெழுத்துப் படியைக் கொண்டு 1955-இல் முழு நூல் வெளிவந்தபோதே ஆசிரியர் எழுதிய உண்மையான முடிவு உலகிற்குத் தெரிந்தது. அதில் பாரிங்டன் ஓவனின் வீட்டாரிடம் விடைபெற்று ஊர் செல்கிறார். போகுமுன், வசந்த காலத்தில் ஒரு சமதர்ம வண்டியோடு திரும்பி வருவதாகச் சொல்கிறார். வண்டி வரப்போவது மக்ஸ்பரோவுக்கு. கல்லெறிந்த அதே தெருக்களுக்கு.